பேதிக்கு முன்னால் பசி வர வேண்டும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வயது நாற்பதைக் கடந்தவர், சில வருடங்களாக சொரியாசிஸ். ஆயுர்வேத மருந்து தொடங்குமுன் உடம்பைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். வீட்டிலேயே ஒரு நாள் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவிக்கொண்டால் போதுமா, இல்லை மூன்று நாள் ‘டீடாக்ஸ் பேக்கேஜ்’ ஒன்றில் சேரலாமா?

இரண்டும் வேண்டாம். முறையாகச் செய்யும் ஒரு பேதி சிகிச்சைக்கு (ஆயுர்வேதத்தில் விரேசனம்) எத்தனை நாள் ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். பசியைத் தூண்ட மூன்று முதல் ஏழு நாள். மருந்து நெய் குடிக்க மூன்று முதல் ஏழு நாள். அதன்பின் எண்ணெய் தேய்த்து வியர்க்கவைக்க மூன்று நாள். பேதி மருந்து கொடுக்க ஒரு நாள். கஞ்சியில் தொடங்கி வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப மூன்று முதல் ஏழு நாள். ஆகக் குறைத்தாலும் பதின்மூன்று நாள், நிறைவாகச் செய்தால் இருபதைத் தாண்டும். மூன்று நாளில் முடித்துத் தருகிறோம் என்பவர்கள் இதில் எதையோ விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் விடுபடுவது முன்னும் பின்னும் இருக்கும் பகுதிகள். சிகிச்சையின் பலன் தங்கியிருப்பதோ அந்த இரண்டு பகுதிகளில்தான்.

சுத்தம் செய்வதுதான் எல்லாருக்கும் முதல் படி என்ற எண்ணத்தையும் இங்கேயே சரிசெய்துகொள்ள வேண்டும். ஆயுர்வேத மூல நூலாசிரியரான சரகர் இதை மூன்றாகப் பிரிக்கிறார். தோஷம் (சீர்கெட்ட வாதம், பித்தம், கபம்) கொஞ்சமாக இருந்தால் பட்டினியோ குறைந்த உணவோ போதும். நடுத்தரமாக இருந்தால் அதோடு செரிமான மருந்தும் சேர வேண்டும். மிகுந்து கிடந்தால்தான், அதுவும் நோயாளிக்கு உடல் வலு இருந்தால்தான், வாந்தி, பேதி போன்ற வெளியேற்றும் சிகிச்சை. அடிக்கடி சளி பிடிக்கிறது, வயிறு உப்புகிறது என்று வருபவர்களில் பலருக்கு ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, ஏழு மணிக்குள் முடித்து, சுக்கு வெந்நீர் குடித்தாலே போதும். பஞ்சகர்மம் எனப்படும் இந்த வெளியேற்றும் சிகிச்சைகள் அவர்களுக்குத் தேவையே இல்லை.

சொரியாசிஸ் வேறு ரகம். தோல் நோய்களை ஆயுர்வேதம் ‘பஹுதோஷ’ நோய்களாக, அதாவது தோஷம் மிகுந்து கிடக்கும் நோய்களாகவே பார்க்கிறது. அதனால் உங்களுக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே நூல்கள், ஒரே தடவையில் வாரிக் கொட்டாதே, வலுவைக் காப்பாற்றிக்கொண்டு இடைவெளி விட்டுப் பலமுறை செய் என்கின்றன. ஒரு பேதியோடு தோல் சரியாகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இந்தச் சிகிச்சை பற்றி வந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய எண்ணிக்கையில் நடந்தவை. அரிப்பும் செதிலும் குறையலாம். சொரியாசிஸ் திரும்பவும் வரக்கூடிய நோய் என்பது மாறாது.

இனி முதல் கட்டம். காலையில் பல் துலக்குமுன் நாக்கைக் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளையாகத் தடித்த படிவம், எழுந்ததும் உடம்பு கனம், சாப்பாட்டு நேரம் வந்தும் பசி இல்லை, மலம் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு நீரில் மூழ்குகிறது: இவை ஆமம் இருப்பதன் அடையாளம். செரியாமல் அரைகுறையாக நிற்பதைத்தான் ஆமம் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் அதற்கென்று ஓர் எண் வராது. ஈரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்யும் வெளியேற்ற வேலையோடு இதைப் போட்டுக் குழப்பவும் கூடாது. அந்த உறுப்புகள் கெட்டிருந்தால் அவற்றை எந்தப் பேதியும் கழுவித் தராது. அப்போது பேதியே ஆபத்து.

ஆமம் இருக்கும்போது பேதி கொடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு பழைய ஆயுர்வேத நூலாசிரியரான வாக்படர் சொல்லும் உவமை, காயைப் பிழிந்து சாறெடுப்பது. சாறும் வராது, காயும் நாசம். நடைமுறையில் இதன் பொருள்: வயிற்றை முறுக்கும், நாலைந்து தடவை போகும், சோர்வு மிஞ்சும், தோலில் ஒரு மாற்றமும் இருக்காது. வீட்டில் திடீரென்று விளக்கெண்ணெய் குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். விளக்கெண்ணெயில் இருக்கும் ரிசினோலெயிக் அமிலம் குடலைத் தூண்டி இரண்டிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மலத்தைத் தள்ளிவிடுகிறது. குடலில் இருப்பது போகும். ஆயுர்வேதம் எதிர்பார்ப்பது அதற்கு மேல். உடம்பெங்கும் பரவியிருக்கும் தோஷத்தை நெய்யும் வியர்வையும் இளக்கிக் குடலுக்குக் கொண்டுவந்த பிறகே வெளியே தள்ள வேண்டும் என்பது அதன் கணக்கு.

பசியைத் தூண்ட வழக்கமாகக் கொடுப்பது திரிகடுகமோ (சுக்கு, மிளகு, திப்பிலி) திப்பிலி உள்ளிட்ட ஐந்து சரக்குகள் சேர்ந்த பஞ்சகோலச் சூரணமோ, மூன்று கிராம் அளவில், வெந்நீரில், சாப்பாட்டுக்கு முன் இரண்டு வேளை. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும், தோல் சிவந்து எரிபவருக்கும் மிளகும் திப்பிலியும் எரிச்சலைக் கூட்டும். அவர்களுக்குச் சீந்திலும் கோரைக்கிழங்கும் சேர்ந்த கஷாயம் பொருந்தும். சொரியாசிஸ் நோயாளிகளில் இந்த இரண்டாவது வகை நிறையப் பேர். எல்லாருக்கும் ஒரே பொடியைக் கையில் கொடுத்து அனுப்பும் இடத்தில் தொடக்கமே பிசகுகிறது. நாக்கு தெளிந்து, குறித்த நேரத்துக்கு வயிறு தானாகக் கேட்கத் தொடங்கியதும் அடுத்த கட்டம். அது மூன்றாம் நாளில் வரலாம், ஏழு நாளும் ஆகலாம். தேதி பார்த்து முடிவெடுக்கிற விஷயம் அல்ல.

நெய் குடிப்பதுதான் மிகவும் கஷ்டமான பகுதி. தோல் நோய்க்குப் பெரும்பாலும் மகாதிக்தக கிருதம், திக்தக கிருதம் போன்ற கசப்பு நெய். காலையில் சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில், முந்தின இரவு உணவு நன்றாகச் செரித்திருக்கும்போது, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உருக்கிய நெய்யை நாக்கில் நிறுத்தாமல் விழுங்கி, உடனே அரை டம்ளர் வெந்நீர். முதல் நாள் 30 மில்லி. அந்த அளவு எத்தனை மணி நேரத்தில் செரிக்கிறது என்று பார்த்துத்தான் மறுநாள் அளவு. பலருக்கு 30, 60, 90, 120 என்று ஏறும். நாலு மணி நேரத்தில் செரித்துவிடும் ஒருவருக்கு இன்னும் வேகமாக ஏற்றலாம். பத்து மணி நேரமாகியும் நெய் வாடையோடு ஏப்பம் வருபவருக்கு மறுநாள் அதே அளவோ, ஒரு நாள் விடுப்போ. அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏற்றும் இடங்களில்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதிகம்.

செரித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏப்பத்தில் நெய் வாடை போயிருக்கும், உடம்பு லேசாகும், உண்மையான பசி வரும். அதுவரை வெந்நீர் மட்டும். இடையில் கொஞ்சம் தலைசுற்றல், தாகம், சோர்வு வருவது இயல்பு. அதைப் பசி என்று நினைத்து இட்லி சாப்பிட்டுவிட்டால் அன்றைய நெய் வீண். குளிர்ந்த நீரும் கூடாது, குமட்டல் உடனே வரும். பசித்த பிறகு நீர்க்கஞ்சி, குழைந்த சாதம், பாசிப்பயறு, மிளகு ரசம். பகல் தூக்கம், ஏசி, பைக் பயணம், உரக்கப் பேசுவது எல்லாம் தவிர்க்க வேண்டும். அலுவலகம் போய்க்கொண்டே இதைச் செய்ய நினைக்காதீர்கள்.

குறைந்தது மூன்று நாள், அதிகபட்சம் ஏழு நாள். இளகிய குடல் உள்ளவருக்கு (பால் குடித்தாலே வயிறு போகும் ரகம்) மூன்று நாளில் முடியும். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவருக்கு ஏழு. ஏழுக்கு மேல் போனால் உடம்பு அதை உணவாக ஏற்றுக்கொண்டுவிடும், தோஷத்தை இளக்கும் வேலை நின்றுவிடும். நிறுத்த வேண்டிய அடையாளங்கள்: மலம் கட்டியில்லாமல் எண்ணெய்ப் பசையோடு போவது, வாயு தடையின்றிப் பிரிவது, தோலில் மென்மை, கடைசியாக நெய்யைப் பார்த்தாலே வரும் வெறுப்பு. அந்த வெறுப்பை நோயாளியின் பிடிவாதம் என்று எண்ணி மேலும் குடிக்கவைப்பவர்கள் உண்டு. அது நூல்கள் எழுதிவைத்திருக்கும் அடையாளம், அங்கே நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டத்துக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை: வயிற்று ஸ்கேன், ஈரல் பரிசோதனை, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கொழுப்பு, சர்க்கரை, ஈசிஜி. பித்தப்பையில் கல் இருந்தால் 100 மில்லி நெய் கடும் வலியைக் கிளப்பிவிடும். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் கணைய அழற்சி வரை போகலாம். 120 மில்லி நெய் என்பது ஏறக்குறைய ஆயிரம் கலோரி, முழுக்க முழுக்கக் கொழுப்பு. ஸ்கேன் எடுக்காமல் நெய் கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த மூன்று நாள் ஓய்வு போலத் தெரியும். காலையில் உடம்பெங்கும் இளஞ்சூடான எண்ணெய் முக்கால் மணி நேரம், பிறகு தலை வெளியே இருக்கும் ஆவிப் பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம். நெற்றியிலும் மூக்கின் மேலும் வியர்வை அரும்பியதும் நிறுத்த வேண்டும். சொரியாசிஸ் திட்டுகள் சிவந்து எரியும் நிலையில் இருந்தால் ஆவியின் சூடு அவற்றைக் கிளறிவிடும், அதனால் மிதமான சூடு போதும். இந்த நாட்களில் தயிர், உளுந்து, பால் இனிப்பு, வாழைப்பழம் வேண்டாம். கபம் ஏறியிருந்தால் பேதி மருந்து கீழே போகாமல் மேலே வாந்தியாக வந்துவிடும். வமன (வாந்தி) சிகிச்சையில் இதற்கு நேர் எதிராக, முந்தின இரவு தயிரும் உளுந்து வடையும் கொடுத்துக் கபத்தை ஏற்றுவார்கள். இரண்டின் பத்தியத்தையும் மாற்றிக் கடைப்பிடித்து மருந்தை வீணாக்கியவர்கள் உண்டு.

பேதி நாள். மருந்து விடியற்காலையில் அல்ல, கபத்தின் நேரம் கடந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில். அதற்கு முன் எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் குறித்துக்கொள்ள வேண்டும். கொடுப்பது பொதுவாகச் சிவதை வேர் சேர்ந்த மருந்து: திரிவிருத் லேகியம் என்றால் 30 முதல் 60 கிராம், கேரள முறையில் அவிபத்தி சூரணம் என்றால் 15 முதல் 25 கிராம் தேனிலோ வெந்நீரிலோ. குடலின் தன்மையைப் பொறுத்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய அளவு இது. நெய் குடித்த நாட்களில் உங்கள் குடல் எப்படி நடந்துகொண்டது என்பதே அதற்கு வழிகாட்டி. மருந்து உள்ளே போனதும் குமட்டினால் முகத்தில் நீர் தெளித்து, எலுமிச்சையை முகரலாம். படுத்துத் தூங்கக் கூடாது. வேகம் வரும்போது அடக்கவும் கூடாது, வராதபோது முக்கவும் கூடாது. மருந்து இழுத்துக்கொண்டு நின்றால் வெந்நீரைச் சிறிது சிறிதாகக் குடித்து, அடிவயிற்றில் கையைச் சூடாக்கி ஒற்றலாம்.

எத்தனை தடவை போக வேண்டும்? நூல் கணக்கு 10 குறைவு, 20 நடுத்தரம், 30 நிறைவு. மலத்தோடு போகும் முதல் இரண்டு மூன்று தடவையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. முதலில் மலம், பிறகு மஞ்சளாகப் பித்தம், கடைசியில் சளி போன்ற கபம். கபம் வந்து, வயிறு காலியாகி, உடம்பு லேசாகி, மனம் தெளிவாக இருந்தால் எட்டோடு நின்றாலும் அது நல்ல பேதிதான். முப்பதை எட்டியே தீர வேண்டும் என்று மறுபடி மருந்து கேட்பது முட்டாள்தனமான அபாயம்.

குறைவாகப் போனால் வயிறு உப்பும், அரிப்பு கூடும், வாயில் நீர் ஊறும், உடம்பு கனக்கும். அன்றே இரண்டாவது வேளை மருந்து கொடுத்துத் துரத்தாமல், பசி வரவிட்டு, தேவையானால் திரும்பவும் நெய்யிலிருந்து தொடங்குவதே சரி. அதிகமாகப் போவதுதான் அவசரம். நிறமற்ற நீராகவோ, இறைச்சி கழுவிய நீர் போலவோ போவது, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, எழுந்தால் கண் இருட்டுவது, சிறுநீர் குறைவது, நெஞ்சு படபடப்பு. உடனே ஓஆர்எஸ் கரைசல், உப்பிட்ட நொய்க்கஞ்சி. வாயில் தங்கவில்லை என்றாலோ, ரத்தம் கலந்தாலோ, நாடி பலவீனமானாலோ குளுக்கோஸ் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதனால்தான் இதை உள்நோயாளியாக இருந்து செய்வது நல்லது. பிஏஎம்எஸ் (ஆயுர்வேத மருத்துவப் பட்டம்) படித்த மருத்துவர் அன்று முழுக்க அந்தக் கட்டடத்திலேயே இருப்பாரா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். திருச்சூர் மாவட்டம் செறுதுருத்தியில் பஞ்சகர்மத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரிசார்ட்டைத் தேடுமுன் இப்படிப்பட்ட இடங்களை விசாரியுங்கள்.

மாலை பசித்ததும் முதல் கஞ்சி. 50 கிராம் பழைய அரிசி நொய்க்கு 700 மில்லி நீர், அதாவது பதினான்கு மடங்கு. நன்றாக வெந்து, பருக்கை கொஞ்சமும் நீர் நிறையவுமாக இருக்க வேண்டும். இது பேயம். அடுத்தது நாலு மடங்கு நீரில் வெந்த குழைகஞ்சி, விலேபி. பிறகு தாளிக்காத பாசிப்பயற்று நீர். அதற்குப் பின் அதே பயற்று நீரில் உப்பு, நெய், சீரகம், சுக்கு சேர்த்தது. புலால் உண்பவருக்கு இதற்கு மேல் ஆட்டிறைச்சிச் சாறு, உண்ணாதவருக்குக் கெட்டிப் பயறும் குழைந்த சாதமும். நன்றாகச் சுத்தமானவருக்கு ஒவ்வொன்றும் மூன்று வேளை, ஏழு நாள் ஆகும். நடுத்தரத்துக்கு இரண்டு வேளை வீதம் ஐந்து நாள், குறைந்த அளவுக்கு ஒரு வேளை வீதம் மூன்று நாள்.

நம் வீடுகளில் பேதிக்குக் கொடுத்த அன்று மிளகு ரசமும் குழைந்த சோறும் மட்டும் போட்டார்களே, அதுவும் இதே அறிவின் சுருக்கம்தான். பேதி முடிந்த வயிற்றில் செரிமானத் தீ மிகச் சிறியதாக இருக்கும். இரண்டாம் நாளே பரோட்டாவோ பிரியாணியோ தயிர்ச்சாதமோ விழுந்தால் மறுபடி ஆமம், பதினைந்து நாள் உழைப்பும் போச்சு. பேதிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் மலம் போகாமல் இருப்பது இயல்பு, உள்ளே போனதே கஞ்சிதான். பயந்து இன்னொரு பேதி மருந்து எடுக்காதீர்கள்.

சிலருக்கு இந்தச் சிகிச்சையே கூடாது. கர்ப்பிணிகள் (பேதி மருந்து, குறிப்பாக விளக்கெண்ணெய், கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டும்), குழந்தைகள், மெலிந்த முதியவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், ஆசனவாயில் வெடிப்போ ரத்தக்கசிவோ உள்ளவர்கள், சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்கள். சர்க்கரை மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் பட்டினியோடு நீர் இழந்தால், சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். இன்சுலினும் கிளிமிபிரைடும் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். நீர் பிரியும் மாத்திரையும் டெல்மிசார்டான் வகை ரத்த அழுத்த மாத்திரையும் நீர் வற்றிய நாளில் சிறுநீரகத்தைத் தாக்கலாம். லித்தியம், டிகாக்சின் எடுப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மாத்திரையை எந்த நாளில் நிறுத்தி எந்த நாளில் தொடங்குவது என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டோ வாய்வழி ஸ்டீராய்டோ எடுத்துக்கொண்டிருந்தால் அதை ஆயுர்வேத மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உடம்பைச் சுத்தம் செய்யப் போகிறோமே என்று நீங்களாக நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடலெங்கும் சீழ்க்கொப்புளமாக வெடிக்கும் கடும் சொரியாசிஸ் வரலாம், மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்கும் போகலாம். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு நீர் வற்றினால் மருந்து உடம்பில் தேங்கி ரத்த அணுக்களைக் குறைக்கும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் தோல் மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் ஒப்புக்கொள்ளும் வரை நெய்யைக்கூடத் தொட வேண்டாம். கஞ்சிப் பத்தியம் முடிந்து, வழக்கமான சாப்பாடு இரண்டு நாள் நன்றாகச் செரித்த பிறகு, கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஈரல் பரிசோதனையும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்து, நோய்க்கான கஷாயத்தை அன்று தொடங்கலாம்.